மிராப் வீட்டுக்குக் கடைசித் தண்ணீர்

எங்கள் காரா அரிக் கால்வாய்க்கு நோர்மத் மிராப் ஆனது, அவருக்குத் தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரியும் என்பதால் அல்ல. பணக்காரன் முகத்துக்கு நேரே வாயைத் திறக்கக்கூடிய ஆள் ஊரில் வேறு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மிராப் என்றால் மடைகளைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் பங்கிடுபவர். நமங்கான் பக்கத்து ஊர்களில் அந்த வேலைக்கு எழுதாத நிபந்தனை ஒன்று உண்டு. மிராப் வீட்டு வயலுக்குக் கடைசித் தண்ணீர். ஊர் முழுக்கப் பாய்ந்து மிச்சமிருந்தால் அவருக்கு, இல்லாவிட்டால் இல்லை. தன் வயலுக்கு முதலில் மடை திறந்த ஒருவனை எங்கள் ஆட்கள் ஊரை விட்டே துரத்தியிருக்கிறார்கள்.

அவர் மனைவி ஹோல்பீபிக்கு இதில் தீராத வயிற்றெரிச்சல். "ஊரான் வயலெல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கு. நம்ம முலாம்பழக் கொடி மட்டும் வாயப் பொளந்துகிட்டுக் கெடக்கு. உங்களுக்குப் பதிலா ஒரு கழுதையக் கட்டியிருந்தா தண்ணியாவது சுமந்திருக்கும்" என்பாள்.

"கழுதைக்கு இப்படி மீசை இருக்குமாடி?" என்பார் அவர். அவளும் சிரித்துவிடுவாள்.

அப்போதெல்லாம் கோதுமையும் சோளமும்தான் எங்கள் மண்ணில். பருத்தி ஓரமாகக் கொஞ்சம். பிறகு ரயில் வந்தது. அதன் பின்னாலேயே வெள்ளை ராஜாவின், அதாவது ரஷ்ய மன்னரின், ஆட்கள் அமெரிக்கப் பருத்தி விதையோடு வந்தார்கள். ரஷ்யாவில் அவர்களுடைய நெசவாலைகளுக்குப் பஞ்சு வேண்டும், அதை விளைவிக்க எங்கள் வெயில் வேண்டும். எங்கள் பழைய பருத்திக் காய் செடியில் முழுதாக விரியாது. காயோடு பறித்து வந்து, குளிர்காலமெல்லாம் குடும்பமாக உட்கார்ந்து உரிப்போம். புதுப் பருத்தி செடியிலேயே வெடித்துச் சிரித்துக்கொண்டு நின்றது. பழக்க தோஷம், அதையும் ஓட்டோடு பிய்த்து மூட்டை கட்டிவிட்டோம். பஞ்செல்லாம் சருகு. நமங்கானில் கொட்டை பிரிக்கும் ஆலைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஆனால் கற்றுக்கொண்டோம், அநியாயத்துக்குக் கற்றுக்கொண்டோம். சில வருஷங்களில் மசூதிச் சுவர் வரைக்கும் பருத்தி. கோதுமைதான் ரயிலில் வருகிறதே, மலிவாக, வெள்ளை வெளேரென்று! களத்து மேட்டில் புல் முளைத்தது. நோர்மத்தே அந்த மாவு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு, "இதுல நமக்கு என்னய்யா நஷ்டம்?" என்று கேட்டவர்தான்.

கால்வாயின் கடைமடையில் இருந்த விதவை சவோதத் மட்டும் பிடிவாதமாகச் சோளம் விதைத்து வந்தாள்.

"ஏம்மா, காசு கசக்குதா உனக்கு? ஊரே பருத்திக்கு மாறிடுச்சு" என்று நோர்மத் சீண்டுவார்.

"மாறட்டும் மிராப் அண்ணே. ரயில்காரன் என்ன எனக்கு மாமனா மச்சானா, வருஷா வருஷம் ரொட்டி போட? நாளைக்கு வரமாட்டேன்னுட்டா எவன் வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?"

அவள் சொன்ன அந்த 'நாளை' வரத்தான் வந்தது. எங்கோ நடந்த சண்டையில் வெள்ளை ராஜா கவிழ்ந்தார். மாவு வண்டி வருவது குறைந்து, பிறகு நின்றே போனது. அந்த வருஷம் பார்த்து மலையில் பனியும் இல்லை, கால்வாயில் கணுக்கால் தண்ணீர். வயலெல்லாம் பருத்தி. வேறு எதை விதைப்பது? சவோதத் வீட்டைத் தவிர தானிய விதை எந்த வீட்டிலும் இல்லையே, பாவிகளா!

தலைமடையில் ஊர்ப் பெரியவர் மீர்ஸோபித்தின் பருத்தி வாடி நின்றது. கடைமடையில் சவோதத்தின் சோளமும் வாடி நின்றது. இருப்பது ஒன்றுக்கு மட்டுமே பாயும் தண்ணீர். நோர்மத் பெரியவரின் மடையை மண் போட்டு அடைத்தார்.

"ஏய், என்ன பண்றே?" என்று மீர்ஸோபித் ஓடி வந்தார். "பருத்தி இல்லேன்னா வர்ற மாவும் வராதுடா, மடையா!"

"வர்ற மாவு எங்க வருது, காட்டுங்க. பஞ்ச வேகவச்சுத் தின்பீங்களா?"

"உன்ன வேலைய விட்டுத் தூக்கிருவேன்."

"தூக்குங்க. தண்ணி போனப்புறம் தூக்குங்க."

கூட்டம் கூடிவிட்டது. பெரியவரை எதிர்த்து ஒருவரும் பேசவில்லை, ஆனால் அடைத்த மண்ணை வெட்டவும் ஒருவர் முன்வரவில்லை. நோர்மத்தின் சொந்த வயல் காய்ந்து வெடித்துக் கிடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

இலையுதிர் காலத்தில் ஆலை வாசலில் பஞ்சு மலையாகக் குவிந்து, ஏற்றிப்போக ரயில் இல்லாமல் மழையில் கறுத்தது. சோளம் விளைந்தது. சவோதத் பாதியை வீடு வீடாகப் பங்கிட்டாள். மீதி ஊருக்கு விதை. மூட்டைகளை எங்கே வைப்பது என்ற பேச்சே எழவில்லை, நேரே மிராப் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

பங்கிட்ட சோளம் பனி விழுமுன்னே தீர்ந்தது. அந்தக் குளிர்காலத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கைத் தின்று வயிறு வீங்கியவர்கள் உண்டு. ஹோல்பீபி காய்ச்சலில் படுத்தாள்.

"ஏங்க, ஒரு கிண்ணம் சோளக்கூழ் காய்ச்சித் தாங்களேன். புளிச்ச தயிர் ஊத்தி. நாக்கெல்லாம் வறண்டு கெடக்கு."

"அது ஊர் விதை, புள்ள."

"ஒரு கை எடுத்தா யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் அவள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டார். கேள்விப்பட்டு ஓடிவந்த சவோதத், "நான் வெளைய வச்சது, நானே தர்றேன்" என்று மூட்டை வாயை அவிழ்த்தாள். நோர்மத் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஊருல எல்லா வீட்டுலயும் ஒருத்தர் படுத்துக் கெடக்காங்க, தாயீ. என் வீட்டுக்கு எடுத்துட்டு யாருக்கு நான் இல்லேன்னு சொல்லுவேன்? மூட்டை காலியாயிரும். அப்புறம் வசந்தத்துல எதை விதைக்கிறது?"

ஹோல்பீபி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "எனக்கும் கடைசித் தண்ணிதானா?" என்று மட்டும் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. சில நாளில் போய்விட்டாள்.

வசந்தத்தில் ஊரே வயலில் இறங்கியபோது, கையில் சிவப்புத் துணி கட்டிய இளைஞன் ஒருவன் குதிரையில் வந்தான். புது அரசாங்கத்தின் ஆள், நல்ல முகம்.

"இனிமே ராஜா கிடையாது, பெரியவங்களே! நிலம் உங்களோடது. ஆனா ஆலையெல்லாம் பஞ்சில்லாம நிக்குது. நீங்க பருத்தி போடுங்க, கோதுமைய நாங்க ரயில்ல அனுப்புறோம்."

பசித்த சனம், கோதுமை என்ற சொல்லைக் கேட்டதும் சில தலைகள் ஆடத் தொடங்கின. முதல் சாலில் தூவ அள்ளிய விதையோடு நோர்மத் அவன் குதிரையருகே போனார்.

"தம்பி, ஒன்னப் பாத்தா நல்லவனாத் தெரியுது. அதனால சொல்றேன். சாகும்போது எம் பொஞ்சாதி இதுல ஒரு கை கேட்டா. நான் குடுக்கல." மூடிய கையை அவன் முன்னால் நீட்டினார். "ராஜா போயிட்டான்கிறே, சந்தோஷம். ஆனா நீயும் அதே ரயிலத்தானப்பா காட்டுறே? முதல்ல அது மாவோட வந்து நிக்கட்டும். நாங்க தின்னுட்டுப் பேசுறோம்."

இளைஞன் குதிரையைத் திருப்பினான். ஆடிய தலைகள் நின்றன. எல்லோரும் மிராபுக்காகக் காத்திருந்தார்கள். அவர் சாலுக்குத் திரும்பி, தூவுவதற்குக் கையை உயர்த்தினார். கை விரியவில்லை. அவர் எவ்வளவோ முயன்று பார்த்தும் முடியவில்லை. சவோதத் வந்து, அழுதுகொண்டே, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.