எலும்புள்ள பொம்மை

1993 ஜூன்: திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளராகச் சேர்ந்தேன். மனைவி விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. வீடு விழுப்புரத்தில்.
2001: மனைவிக்குச் சர்க்கரை நோய் உறுதிசெய்யப்பட்டது.
2009 டிசம்பர்: முதல் ரோபோ மாடல், சிறியது.
2011 ஆகஸ்ட்: சர்க்கரையால் அவளுடைய வலக்கண் பார்வை போயிற்று. இடக்கண்ணுக்குப் புதுச்சேரியில் லேசர் சிகிச்சை தொடங்கியது.
2012 ஜனவரி: பெரிய மாடல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம்.
2012 பிப்ரவரி: பெட்டி வந்தது.
2012 ஏப்ரல்: இடக்கண்ணில் இரத்தக்கசிவு.
2014 நவம்பர்: மனைவி காலமானாள்.

அந்த முதல் மாடல் எங்களுக்காக வாங்கப்பட்டதல்ல. சிங்கப்பூரில் வேலை செய்யும் மைத்துனர், கிறிஸ்துமஸுக்கு வந்தபோது தம் மகனுக்காகக் கொண்டுவந்தார். மகன் பெட்டியைத் திறந்தான். மோட்டார் கிடையாது, ஓடாது என்று தெரிந்ததும் தெருவுக்குக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். என் மனைவி அதை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மெல்லிய பிளாஸ்டிக் சட்டங்களில், காம்பில் காய் தொங்குவதுபோல் உதிரிகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். படத்தைப் பார்த்து, எண்ணைத் தேடி, நகவெட்டியால் நறுக்கி, ஒன்றோடு ஒன்றை அழுத்தினால் பொருந்திக்கொள்ளும். இரவுச் சாப்பாட்டுக்குள் ஒரு சாண் உயரத்தில் ரோபோ ஒன்று மேசைமேல் நின்றது.

“இத்தினி வருசமா தவளைய அறுத்துக் காட்டிக்கினு இருந்தேன். இது தவளையத் திருப்பிச் சேக்கற வேலை” என்றாள்.

அதன்பின் தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் அக்காவுக்கு ஒன்று வந்தது. மறு ஆண்டு கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ராஜாக்களுக்குப் பின்னால் ஒரு ரோபோவை நிறுத்தினாள்.

“இன்னா அண்ணி, ராஜாங்களுக்கு பாடிகார்டா?” என்று தம்பியின் மனைவி கேட்டாள்.

“கொழந்தையக் கொல்ல ஏரோது ஆளுங்க வந்தா அவன் பாத்துக்குவான். நீ கேக்க வெட்டு.”

இடக்கண் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைச் சொல்ல முடியாது என்று மருத்துவர் கூறிய அன்று, புதுச்சேரியிலிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். கோலியனூர் தாண்டியதும் அவள் சொன்னாள்: “பெருசா ஒண்ணு செய்யணுங்க. கண்ணு இருக்கறப்பவே.”

நான் சரி என்றேன்.

மைத்துனர் மின்னஞ்சலில் அனுப்பிய படங்களில் இரண்டு எஞ்சின. ஒன்று பச்சை நிறம், பருத்த உடல்; உதிரிகள் பெரியவை, குறைவானவை. உயர்நிலை மாடல்களுக்குள் முதன்முதலாக நுழைகிறவர்களுக்கு அதுவே ஏற்றது என்று இணையத்தில் எழுதியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். மற்றது வெள்ளை. அதற்கு உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு முழு எலும்புக்கூடு உண்டு. கணுக்கால், முழங்கால், இடுப்பு, விரல் என்று அசையவேண்டியவை அனைத்தும் அசையும்படி முதலில் அந்தக் கூட்டைச் செய்து முடிக்க வேண்டும். பிறகு அதன்மேல் வெள்ளைக் கவசங்களை ஒவ்வொன்றாகப் பூட்டி மூடிவிட வேண்டும். உதிரிகளில் பல, உளுத்தம்பருப்பு அளவு.

இரண்டைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் அச்செடுத்து, காலை ரயிலில் படித்தேன். என்னோடு தினமும் திண்டிவனம் வரும் ஒரு வங்கி ஊழியர், மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, ராக்கெட்டா?”

“ரோபோ மாடல். வீட்டில் செய்கிறார்கள்.”

“டீச்சரம்மாவா? எங்கூட்டுல இடியாப்பக் கட்டையையே மாட்டத் தெரியலன்னு என்னக் கூப்புடறாங்க சார். நீங்க குடுத்துவச்சவரு.”

ரயில்பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செங்கல்பட்டுக்குப் போகும் ஒருவர், பச்சைதான் பார்க்கத் திடமாக இருக்கிறது என்று தம் கருத்தைச் சொன்னார்.

என் கருத்தும் அதுவே. அன்று மாலை மனைவியிடம் அதை விளக்கினேன். முதலில் எளியதைச் செய்து கை பழகட்டும், அடுத்ததாக வெள்ளையைப் பார்க்கலாம் என்றேன். காரணங்களை வரிசைப்படுத்திச் சொன்னதாக நினைவு. உதிரிகளின் அளவை மட்டும் காரணமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது புரியாமல் இல்லை.

“நீங்க மொதல் மொதல்னு சொல்றீங்க. எனக்கு இது ஒண்ணுதாங்க.”

அந்த வார இறுதியில் மைத்துனர் கடையிலிருந்தே தொலைபேசியில் அழைத்தார். பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

“அக்கா, ரெண்டையும் கையில வச்சிக்கினு நிக்கறேன். ஜல்தியா சொல்லு, கடைய மூடப் போறான். பச்சையா, வெள்ளையா?”

அவள் தொலைபேசியை என் பக்கம் நீட்டினாள். “மாமாவக் கேளு.”

“மாமா, நீங்க சொல்லுங்க. பேஜாரு பண்றா அக்கா.”

அவள் முகத்தைப் பார்த்தேன். “வெள்ளை” என்றேன்.

பிப்ரவரியில் மைத்துனரின் நண்பர் ஒருவர் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு நாளில் சாம்பல் புதன் வந்தது. எங்கள் வீட்டில் தவக்காலம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் மிகவும் பிடித்த ஒன்றை உயிர்ப்புத் திருநாள் வரை விட்டுவிடுவது வழக்கம். அவள் எப்போதும் காபியை விடுவாள். அந்த ஆண்டு, கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு திரும்பியவள் பெட்டியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

“ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டேன். கண்ணுக்காக நேந்துக்கினேன்.”

“காபியை விடலாமே” என்றேன்.

“காபியக் குடுத்துட்டு கண்ணக் கேட்டா நல்லாவா இருக்கும்? பிடிச்சதத்தான குடுக்கணும்.”

கண் நேர்ச்சைக்குக் காத்திருக்காது என்பது விலங்கியல் படித்த அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே அதைச் சொல்வது அவளை அவமதிப்பதாகும் என்று கருதினேன். மார்ச் நடுவில் அவளிடம் சொல்லாமல் பங்குச்சாமியாரைப் பார்க்கப் போனேன். இளைஞர், பொறுமையாகக் கேட்டார்.

“பொம்மையா சார்?”

“மாடல், சாமி.”

“சரி, மாடல். ஞாயித்துக்கிழமைங்க தவக்கால நோன்புல சேராது சார். டீச்சர ஞாயிறு ஞாயிறு செய்யச் சொல்லுங்க. முடிச்சதும் எனக்கும் காட்டுங்க.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். “என் நேர்ச்சைக்கு நீங்க வக்கீலா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஞாயிறு அப்படியே கழிந்தது. அடுத்த ஞாயிறு, குருத்து ஞாயிற்றுக்கு முந்தியது, பூசை முடிந்து வந்ததும் அவளே சொன்னாள்: “பொட்டிய எறக்குங்க. சாமியே சொன்னப்புறம் நான் என்ன பெரிய மனுசி.”

எனக்கு உதிரிகளை நறுக்க அனுமதி இல்லை. எண்களைத் தேடி, சட்டத்தில் அவை இருக்கும் இடத்தை விரலால் காட்டுவது மட்டுமே என் வேலை. அவள் பூதக்கண்ணாடியை இடக்கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நறுக்கினாள், தேய்த்தாள், பொருத்தினாள். பிற்பகல் முழுதும் உழைத்து இடது பாதம் ஒன்றை முடித்தாள். கவசம் பூட்டுவதற்கு முன்னால் அதை வெளிச்சத்தில் பிடித்து அசைத்துக் காட்டினாள்.

“பாருங்க, குதிகால். கணுக்கால் எங்க திரும்பணுமோ அங்கதான் திரும்புது. எவன் செஞ்சானோ, எலும்பு படிச்சவன்.”

கவசத்தைப் பூட்டியதும் உள்ளே இருந்தது முழுவதும் மறைந்துவிட்டது.

“இவ்வளவு செய்தும் ஒன்றும் தெரியவில்லையே” என்றேன்.

“உங்க காலுலயுந்தான் தெரியல” என்று சிரித்தாள்.

திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் ஆகியிருந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

குருத்து ஞாயிறன்று பவனி முடிந்து வீடு திரும்பும்போது மின்சாரம் இல்லை. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் கூடத்தில் பகலிலும் விளக்கு வேண்டும். மாடிப்படியோர வெளிச்சத்துக்கு மேசையை நகர்த்திப் பார்த்தோம். வெயிலின் கூச்சம் அவள் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மின்சாரம் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, அவளும் களைத்திருந்தாள்.

“விடுங்க. இன்னும் ஒரு வாரம். ஈஸ்டர் எங்க போய்டப் போவுது” என்று பெட்டியை மூடினாள்.

ஈஸ்டருக்கு மூன்று நாள் முன், பெரிய வியாழன் காலை, அடுப்படியிலிருந்து என்னை அழைத்தாள். குரலில் பதற்றம் இல்லை. “ஏங்க, கண்ணுல ஒட்டட மாதிரி மெதக்குது.” நாங்கள் புதுச்சேரி போய்ச் சேர்வதற்குள் ஒட்டடை கறுத்து, திரையாகிவிட்டது. மே மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. ஜன்னலில் நிற்பவர் தெரியவில்லை.

மீதியை நான் செய்கிறேன், நீ சொல்லிக்கொடு என்று இரண்டு முறை கேட்டேன். “வேணாம். நீங்க செஞ்சா அது உங்களுது” என்றாள். அந்தப் பாதத்தை மட்டும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னாள். வானொலி கேட்கும்போது அதைக் கையில் வைத்து, கணுக்காலை மெல்ல வளைத்துக்கொண்டிருப்பாள்.

நான் பழக்கத்தால் எதையும் மாற்றிப்போட்டுக் கணக்கிடுகிறவன். பச்சையை வாங்கியிருந்தால் அவள் முடித்திருப்பாள். உதிரிகள் குறைவு என்பதால் மட்டுமல்ல. பச்சையை நேர்ந்துகொள்ளும் அளவுக்கு அவளுக்குப் பிடித்திருக்காது. அந்த ஆண்டும் காபியையே விட்டிருப்பாள். பெட்டி வந்த நாளிலிருந்து ஏப்ரல் வரை ஒவ்வொரு மாலையும் அவளுக்குக் கிடைத்திருக்கும். இதை நான் கண்டறிந்தது மறு ஆண்டில். கண்டறிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“பச்சையை வாங்கியிருந்தால் முடித்திருப்பாய்.”

“முடிச்சி? தூசி தட்டிக்கினு இருந்திருப்பேன்.” கையிலிருந்த பாதத்தின் கணுக்காலை ஒருமுறை வளைத்துவிட்டு, “நீங்கதான வெள்ளைன்னு சொன்னீங்க. நான் சொல்லிருந்தா கூட இவ்ளோ சந்தோசப்பட்டிருக்க மாட்டேன்” என்றாள்.

அவள் வருத்தப்படவில்லை என்பதை நான் நம்புகிறேன். என் கணக்கில் பிழை இல்லை என்பதையும் நம்புகிறேன். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள இன்றுவரை என்னால் இயலவில்லை. சிறுநீரகம் பழுதாகி அவள் இறந்தபின் பெட்டியை இரண்டு முறை திறந்தேன். எண்களைத் தேடிக் காட்டுவதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

செய்யாமல் விட்டவை:

வலது பாதம்.
முழங்கால்கள், இடுப்பு, மார்பு, கைகள், தலை.
பெட்டியை என்ன செய்வது என்று கேட்ட மைத்துனருக்குப் பதில்.
அவள் கல்லறைக் கல்லில் இறந்த ஆண்டைப் பொறிக்கச் சொல்வது.