மைத்துனனின் பெயரை முதலில் தேடினேன்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

நம் சபையின் பத்திரிகையில் பலர் தங்கள் நோயையும் விடுதலையையும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வந்தது உடலைச் சார்ந்த நோயன்று. அதற்கு மருத்துவரும் இல்லை, மருந்துச்சீட்டும் இல்லை. ஆயினும் அது என்னை உள்ளிருந்து தின்றது. ஆண்டவர் அதிலிருந்து என்னைத் தூக்கியெடுத்த விதத்தைச் சாட்சியாகச் சொல்வது என் கடமை எனக் கருதி இதை எழுதுகிறேன்.

அது 1992-ஆம் ஆண்டு. நான் மனைவி கிரேஸுடன் ஒக்கலிபுரத்தில் குடியிருந்தேன். ஒரு தொழிற்சாலையின் பண்டகசாலையில் மேற்பார்வையாளர் வேலை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பின்னர் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் பெற்றேன். அந்த ஆண்டு எங்கள் நிர்வாகம் ஓர் அறிவிப்புச் செய்தது. மேலாண்மைப் படிப்பு முடித்தவர்களே இனி அதிகாரிகளாக உயர முடியும் என்றார்கள். நகரத்தில் ஒரு கல்லூரி மாலை நேரத்தில் அப்படிப்பை நடத்தியது. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. வயது வரம்பும் உண்டு. அடுத்த ஆண்டு என் வயது அந்த வரம்பைக் கடந்துவிடும். ஆகவே எனக்கு அது ஒரே வாய்ப்பு.

கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கில இலக்கணம் ஓரளவு கைவசம். என்னைக் கலங்கடித்தது பொது அறிவு என்னும் பகுதி. எத்தனை மதிப்பெண் வாங்கினாலும், ஒரு பகுதியில் தவறினால் முழுத் தேர்விலும் தவறியதாகவே கொள்வார்கள். நடைபாதைக் கடையில் ஒரு பழைய ஆண்டு நூலை வாங்கினேன். நாடுகள், தலைநகரங்கள், ஆறுகள் அனைத்தையும் பேருந்தில் நின்றவாறே வாய்விட்டு மனப்பாடம் செய்தேன். வேறு முறை எனக்குத் தெரியாது. ஆசிரியர் இல்லாதவன் வாயால்தான் படிப்பான்.

இவ்வேளையில்தான் என் மைத்துனன் செல்வினும் அதே தேர்வுக்கு விண்ணப்பித்தான். அவன் கிரேஸின் தம்பி. ரிச்சர்ட்ஸ் டவுனில் வளர்ந்தவன். கல்லூரி முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளைஞன். எந்த விளம்பரம் எந்த நிறுவனத்தினுடையது, எந்தப் போட்டியில் யார் வென்றார், எந்தச் சுருக்கப் பெயருக்கு என்ன விரிவு, எதைக் கேட்டாலும் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொல்லுவான். அவன் படித்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. அதுவே என்னை எரித்தது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து சபை முற்றத்தில் நின்றுகொண்டிருந்தோம். செல்வின் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"மாமா, ஒரு ஜி.கே. கேள்வி. உலகத்துலயே பெரிய நாடு எது?"

"சோவியத் யூனியன்," என்றேன் உரத்த குரலில்.

"ஐயோ மாமா, அது போன டிசம்பரோட கடையை மூடிட்டாங்க. ஒண்ணு பதினஞ்சா ஆயிடுச்சு. உங்க புக்குக்கு இன்னும் யாரும் சொல்லலியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கிரேஸும் சிரித்தாள். அந்தச் செய்தி எனக்குத் தெரியாததன்று. நாளிதழில் நானே படித்தேன். மனப்பாடம் செய்த நாவு செய்தியை முந்திக்கொண்டது. இதை அங்கே யாரிடம் விளக்குவது?

வீட்டுக்கு வந்ததும் கிரேஸ் சொன்னாள்: "அவன்கிட்ட புது புக்கு இருக்குதுங்க. கேட்டா குடுப்பான்."

"எனக்கு யார் புக்கும் வேண்டாம்."

"சின்னப் பையன் ஏதோ வெளையாட்டுக்குக் கேட்டான். அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு."

அன்றிலிருந்து எனக்கு உணவு ருசிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்கு முன் அவன் முகம் வந்து நின்றது. ஜெபத்தில் முழங்காலிட்டாலும் அவன்தான் வந்தான். அவன் தோற்க வேண்டும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. தேர்வு நாளன்று அவனுக்குச் சற்றே மறதி உண்டாகட்டும் என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். அந்த ஜெபம் கூரையைத் தாண்டவில்லை என்பது எனக்கே தெரிந்தது. படித்ததும் நிற்கவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் நம்பிக்கை இழந்தேன்.

நீலசந்திராவில் ஒரு விசுவாசியின் இல்லத்தில் வெள்ளிதோறும் எங்கள் வீட்டு ஜெபக் கூட்டம் நடைபெறும். அதில் ஒரு முறைமை உண்டு. எவரும் தமக்காகத் தாமே ஜெபிப்பதில்லை. வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தமக்கு வலப்பக்கத்தில் இருப்பவரின் தேவையைக் காதோடு கேட்டு, அதைச் சத்தமாக ஆண்டவரிடம் சொல்ல வேண்டும். நான் அன்று தாமதமாகச் சென்றேன். ஒரே ஓர் இடம் காலியாயிருந்தது. அதற்கு வலப்பக்கத்தில் செல்வின்.

எழுந்து போய்விடலாமா என்று எண்ணினேன். அதற்குள் அவன் என் காதருகே குனிந்தான்.

"கணக்குக்காக ஜெபிங்க மாமா. போன வருஷமே எழுதினேன். கணக்குலதான் போச்சு. அக்காவுக்குத் தெரியாது."

நான் திகைத்தேன். ஒருமுறை தோற்றவன் இவன். இதை மறைத்துக்கொண்டா முற்றத்தில் கேலி பேசினான்?

என் முறை வந்தது. எல்லாரும் கண்மூடிக் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். கடைசியில், "ஆண்டவரே, என் மைத்துனன் செல்வினுக்கு இந்தத் தேர்வில் வெற்றியைத் தாரும்," என்றேன். உள்ளத்தோடு சொன்னேன் என்று பொய்யுரைக்க மாட்டேன். கட்டாயத்தால் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள இயலவில்லை.

கூட்டம் முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம்.

"பர்சென்டேஜ்னாலே எனக்குப் பேனா ஓட மாட்டேங்குது மாமா. நீங்க ஓட்டல்ல பில்லைத் தலைகீழாப் பார்த்தே கூட்டிடறீங்க. அக்கா அதையே சொல்லிச் சொல்லி என்னைக் கொல்லுது. 'உங்க மாமா மாதிரி வருமா, உங்க மாமா மாதிரி வருமா'ன்னு. உங்களப் பார்த்தாலே சில நாள் எரிச்சலா வரும், தெரியுமா?"

அவனும் எரிந்திருக்கிறான். என்னைப் பார்த்து. இதை நான் கனவிலும் எண்ணியதில்லை.

அன்று முதல் மாலைகளில் ஒன்றாகப் படித்தோம். நான் அவனுக்கு விழுக்காடு சொல்லிக்கொடுத்தேன். அவன் என் பழைய நூலை மூடிவைத்துவிட்டு, "வாங்க மாமா, சுத்தலாம்," என்று கண்டோன்மென்ட் பகுதியெங்கும் அழைத்துச் சென்றான். விளம்பரப் பலகை ஒவ்வொன்றின் கீழும் நின்று அதற்குரிய நிறுவனத்தின் கதையைச் சொன்னான். கதையாகக் கேட்டது என் மனத்தில் தங்கியது. அப்போதும் என் பொறாமை தீர்ந்துவிடவில்லை. இத்தனையும் இவனுக்கு எப்படி இவ்வளவு எளிதாக வருகிறது என்று குமைந்துகொண்டேதான் அவனோடு நடந்தேன்.

தேர்வு எழுதினோம். முடிவு வெளியான நாளில் செல்வினுக்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. நான் மட்டும் சென்றேன். கல்லூரி வாயிலில் பெயர்களை ஒட்டியிருந்தார்கள். ஐயா, நான் முதலில் தேடியது என் பெயரையன்று. அவன் பெயரை. அது இருந்தது. என் பெயர் இல்லை.

ஆண்டவர் நான் அரைமனதாய்க் கேட்டதைக் கேட்டு, முழுமனதாய்க் கேட்டதை விட்டுவிட்டார் என்று மனம் கசந்தது. சாலைக்கு வந்தேன். ஒக்கலிபுரம் செல்லும் பேருந்து முதலில் வந்தது. ஏறவேண்டும் என்றே கால் எழுந்தது. செல்வின் மறுநாள் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அப்பொழுது என் உள்ளத்தில் ஒன்று உணர்த்தப்பட்டது: இவனுக்காகக் கேட்ட வாய், பதில் கிடைத்ததையும் இவனிடம் சொல்ல வேண்டாமா? அந்தப் பேருந்தைப் போகவிட்டு, செல்வின் வீட்டுக்குச் செல்லும் பேருந்துக்காக நின்றேன். என் வாழ்நாளில் அதைவிடக் கடினமான காரியம் நான் செய்ததில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் செல்வின் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"உனக்குக் கிடைச்சிடுச்சு தம்பி," என்றேன்.

"உங்களுக்கு?"

"என் பேரு இல்லைப்பா."

"உள்ள போர்டு பார்த்தீங்களா?"

"எந்த போர்டு?"

"கேட்ல இருக்கிறது எங்கள மாதிரி பசங்களுக்கு. ரொம்ப வருஷம் சர்வீஸ் போட்டவங்களுக்குத் தனி லிஸ்ட்டு, உள்ள, மாடிப்படிக்குப் பக்கத்துல ஒட்டுவாங்க. போன வருஷம் எம் பேரு இல்லன்னு பைத்தியக்காரனாட்டம் ஒவ்வொரு போர்டா தேடினவன் நான். எனக்குத் தெரியாதா? ஏறுங்க வண்டியில."

கழற்றிய காலணியை மீண்டும் மாட்டிக்கொண்டான். நாங்கள் சென்றபோது காவலாளி வாயிற்கதவை இழுத்துக்கொண்டிருந்தார்.

"டைம் ஆய்த்து சார். நாளே பன்னி," என்று கன்னடத்தில் மறுநாள் வரச் சொன்னார்.

"ஒந்தே நிமிஷ அண்ணா. நம்ம மாமா பாஸ் ஆகிதாரே, நோடி பர்த்தீவி," என்றான் செல்வின். ஒரே நிமிடத்தில் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கேட்டவன், என் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே நான் தேறிவிட்டேன் என்று அந்த மனிதரிடம் சொன்னான்.

மாடிப்படியருகே இரண்டாவது பட்டியல் இருந்தது. அதன் அடிப்பகுதியில் என் பெயர். அதற்கும் கீழே, மறுநாள் நண்பகலுக்குள் சான்றிதழ்களுடன் நேரில் வராதவரின் இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும் என்று எழுதியிருந்தது. அன்று மாலை ஒக்கலிபுரம் பேருந்தில் ஏறியிருந்தால், மறுநாள் நான் வழக்கம்போல் பண்டகசாலையில் நின்றிருப்பேன். என் நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருப்பார்.

படிப்பை முடித்தேன். அதிகாரியாக உயர்ந்து, அப்பதவியிலேயே ஓய்வும் பெற்றேன். செல்வின் என்னைவிட மிக உயர்ந்த இடத்திற்குச் சென்றுவிட்டான். அவன் புதுக் கார் வாங்கியபோது பழைய எரிச்சல் மெல்லத் தலைகாட்டியது. உடனே அவன் பெயரைச் சொல்லி, வாய்விட்டு, சத்தமாக ஜெபித்தேன். அது தலையை இழுத்துக்கொண்டது. இத்தனை ஆண்டுகளாக எனக்குப் பலித்துவரும் ஒரே வழி இதுவே.

இதை வாசிக்கும் அன்பானவர்களே, உங்கள் உறக்கத்தைக் கெடுக்கும் பெயர் ஒன்று உங்களுக்கும் இருக்கக்கூடும். அந்தப் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் நன்மையைக் கேளுங்கள். மனம் ஒப்பவில்லையாயினும் கேளுங்கள். என் மனமும் அன்று ஒப்பவில்லை. அவர் அதையும் ஏற்றுக்கொண்டார். அவருக்கே நன்றி.

ஐயா, இடமின்மையால் இதை அச்சிட முடியாவிட்டாலும் வருத்தமில்லை. சபையின் பழைய ஏடுகளோடு இதையும் வைத்துக் காக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.