சூட்டோடு இழுக்கச் சொன்னவர்

செனாய் ஊரிலிருந்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுப் புல் வெட்டும் தொழிலில் இறங்கியிருந்தேன். திங்கட்கிழமை ஒரு பள்ளித் திடலை வெட்டிக் கொடுக்க வேண்டும். அதற்குள் இயந்திரம் வாங்கியாக வேண்டும். தவறானதை வாங்கிவிடுவேனோ என்ற பயத்தில் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கடைக்காரர் புது இயந்திரம் ஒன்றின் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் உறுமியது. வாங்கிக்கொள்கிறேன் என்று தலையாட்டிவிட்டேன்.

அருகில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். ரப்பர் பூட்ஸ், முழுக்கைச் சட்டை. வெயிலில் கறுத்த முகத்தில் பாதுகாப்புக் கண்ணாடி அணியும் இடம் மட்டும் வெளுத்திருந்தது. இயந்திரம் ஓடும்போதெல்லாம் கண்களை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார்.

"அண்ணே, அவசரப்படாதீங்க லா. பத்து நிமிஷம் ஓடட்டும். சூட்டோட நிறுத்திட்டு மறுபடி இழுக்கச் சொல்லுங்க," என்றார்.

கடைக்காரர் முகம் சுளித்தபடி அப்படியே செய்தார். எட்டு முறை இழுத்தும் கிளம்பவில்லை.

"திடல் நடுவுல இப்படி நின்னா என்ன செய்வீங்க?" என்று என்னிடம் கேட்டார் அந்தப் பெண்மணி.

வேறொன்றை அதேபோல் ஓட்டிப் பார்த்தோம். சூட்டிலும் இரண்டாம் இழுப்பில் கிளம்பியது. அதையே வாங்கினேன்.

நன்றி சொல்லத் திரும்பினேன். அவர் கடைக்காரரிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"பாஸ், ரிப்பேருக்குக் குடுத்த என் மெஷின் எப்ப ரெடியாகும்? மூணு நாளா வேலைக்குப் போகல."

"அடுத்த வாரம் பாக்கலாம்," என்றார் கடைக்காரர், அவர் முகத்தைப் பார்க்காமலே.

அந்தப் பெண்மணியின் பிழைப்பு கடைக்காரரின் கையில் இருந்தது. அது தெரிந்தும், முன்பின் அறியாத எனக்காக ஏன் வாய் திறந்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.