காத்திருக்கச் சொன்ன அண்ணன்

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரனுக்குக் கடைத்தெருவில் வைத்த பேர் "அடுத்தமாசம்". யார் வந்து எந்தச் சாமானைக் கேட்டாலும், "இப்ப வாங்காதீங்க, அடுத்த மாசம் இதைவிட நல்லது வருது" என்பான். தன் கடைச் சரக்கையே வாங்காதே என்று சொல்லி அனுப்புகிற வியாபாரியை வேறெங்கும் பார்த்திருக்க முடியாது.

அவனைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. அவன் அப்பா தையல்காரர். எது புதுசாக வந்தாலும் முதல் ஆளாக வாங்கிவிட வேண்டும் அவருக்கு. பொத்தானுக்குக் காஜா எடுக்கிற மிஷின் ஒன்றை வாங்கிக் கூடத்தின் நடுவில் வைத்தார். ஆறே மாதத்தில் அதைவிடச் சின்னதாக, சத்தமில்லாததாக இன்னொன்று வந்துவிட்டது. பழையதற்கு ஊசிகூடக் கிடைக்கவில்லை. அவன் அம்மாவும் அம்மாவின் அக்காக்கள் இரண்டு பேரும் அந்த மனுஷன் கண்ணை மூடுகிற வரைக்கும் சொல்லிக் காட்டினார்கள். சாப்பிட உட்கார்ந்தால் மிஷின் பேச்சு, படுத்தால் மிஷின் பேச்சு. அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நாம் மட்டும் இப்படி ஏமாறக் கூடாது என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

அவனுக்கு ஒரே தங்கை. கட்டடம் கட்டுகிறவர்களுக்குப் படம் போட்டுக் கொடுக்கிறவள். அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டை, வாசல், ஜன்னல், மாடிப்படி, வெயில் விழுகிற சுவர் என்று நேரில் நிற்கிற மாதிரியே கம்ப்யூட்டரில் கொண்டுவந்துவிடுவாள். புருஷன் லாரி டிரைவர். இடுப்பெலும்பு நொறுங்கிக் கட்டிலோடு கிடந்தான். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் படங்களால்தான்.

ஆனால் அவள் கம்ப்யூட்டருக்குக் கிழடு தட்டிவிட்டது. ஒரு படம் முடிய நாலு நாள் ஆகும். நடுவில் சூடேறி நின்றுபோனால் திரும்பவும் முதலிலிருந்து. "வாரத்துக்கு மூணு படம் வேணும், முடியலன்னா சொல்லிடுங்க" என்று கட்டடக் கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார். அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, உள்ள இருக்கறதெல்லாம் மாத்திடலாமா?"

"அவசரப்படாத பாப்பா. புது சிப் வருது, இதைவிட ரெண்டு மடங்கு வேகம். ரெண்டே மாசம் பொறு. இப்ப வாங்கினா அப்பா மிஷின் கதைதான்."

"நீ சொன்னா சரிண்ணே."

இரண்டு மாதம் மூன்றாச்சு, மூன்று நாலாச்சு. கடைசியில் சிப் வந்தது. வந்த சிப் பழைய மதர்போர்டில் உட்காரவில்லை. புது போர்டு வேண்டும். புது போர்டு என்றால் மெமரியும் புதுசு வேண்டும். அந்த போர்டோ இன்னும் கப்பல் ஏறவே இல்லையாம். சரி, தொலையட்டும், போன தலைமுறைச் சாமானே போதும் என்று மொத்த வியாபாரியைக் கேட்டான். "அதை நிறுத்திட்டாங்களே சார்! மிச்சம் இருந்ததும் போன மாசமே போயிடுச்சு."

அன்றைக்கு அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவன் பெண்டாட்டி கேட்டாள்: "கடல் வத்தினா கருவாடு திங்கலாம்னு காத்திருந்த கொக்கு குடல் வத்திச் செத்துச்சாம். நீங்க கொக்கா இருங்க, வேணாங்கல. உங்க தங்கச்சிய எதுக்குக் கரையில நிக்க வெச்சீங்க?"

சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலையில் கடையில் தான் வேலை செய்கிற கம்ப்யூட்டரையே கழற்றித் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். குழி வந்த இடத்திலெல்லாம் பிள்ளையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டான்.

கட்டிலில் கிடந்த தங்கை புருஷன்தான் முதலில் பார்த்தான். "வாங்க மச்சான். நீங்க அடுத்த மாசம்தான் வருவீங்கன்னு நினைச்சேன்."

அவன் மூட்டையோடு உள்ளே போனான். உள்ளறையில் மேஜைமேல் தங்கையின் கம்ப்யூட்டர் பக்கவாட்டுத் தகடு கழற்றி, வயிற்றைத் திறந்து போட்ட மாதிரி நின்றது. அதன் சூட்டுக்கு எதிராக வைத்திருந்த டேபிள் ஃபேன் ஓடவில்லை. அவன் பழக்கதோஷத்தில் உள்ளே விரலை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது.

"இன்னைக்கு வேலை இல்லையா பாப்பா?"

தங்கை தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். "போன திங்கக்கிழமையோட சரிண்ணே. வேற ஆளுகிட்ட குடுத்துட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சங்கடப்படுவே."

கட்டிலிலிருந்து குரல் வந்தது: "நாளைலேருந்து துணிக்கடைல நிக்கப் போறா மச்சான். பத்து மணி நேரம். உக்கார நாற்காலி கிடையாதாம்."

"நீங்க சும்மா இருங்க" என்று அவள் புருஷனை அதட்டினாள். அப்புறம் அண்ணன் கையில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். "கடை மிஷினையா தூக்கிட்டு வந்தே? உன் பொழப்பு என்ன ஆகிறது? எடுத்துட்டுப் போ. இனிமே எனக்கு அவசரம் இல்லண்ணே. அந்தப் புதுசே வரட்டும்."

இது குத்தலா என்று அவள் முகத்தைப் பார்த்தான். குத்தலாக இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருந்தது அந்த முகம்.

"எப்ப வரும்ணே?"

"தெரியல பாப்பா" என்றான். மூட்டையை அவிழ்த்து, தான் கொண்டுவந்ததை மேஜைமேல் ஏற்றி, ஒயரை ஒவ்வொன்றாகச் செருகத் தொடங்கினான். அவள் தடுக்கவில்லை, துணி மடிப்பதை நிறுத்தவும் இல்லை.