ஓய்வெடுங்க, பெரியவரே!

போன வாரம் குற்றாலம் போயிருந்தேன்.

'ஐம்பத்தைந்து ஆகிவிட்டது, கிளம்பு' என்று சர்க்கார் என்னை வீட்டுக்கு அனுப்பியது வாசகர்களுக்கு மறந்திருக்காது. எப்படி மறக்கும்? இந்தப் பகுதியில் மூன்று வாரமாக அந்த ஒப்பாரிதானே!

தென்காசியில் பஸ் ஏறியதும் பக்கத்து சீட்காரரிடமும் ஆரம்பித்துவிட்டேன். "உடம்பிலே தெம்பு இருக்கு, மூளை வேலை செய்யுது... காலண்டரைப் பார்த்து ஒரு மனுஷனை ஒதுக்கலாமா, சொல்லுங்க?" பாவம், அவர் இலஞ்சியிலேயே இறங்கிவிட்டார். அங்கே இறங்க வேண்டியவர்தானா என்று தெரியவில்லை.

நல்ல சீசன். சாரல் முகத்தில் அடிக்கிறது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கிண்ணமும் கையுமாக நிற்கிறார்கள். எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நின்றால் அது பாதிக் குளியல்தான்.

முதலில் வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். தலை மட்டும் என்னைவிட நரைத்திருந்தது.

"இங்கன உக்காருங்கய்யா. காலையிலருந்து ஒரு ஆளும் அமையல."

நான் என்ன செய்தேன் தெரியுமா?

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? ஓய்வெடுங்க, பெரியவரே" என்றேன். எப்பேர்ப்பட்ட பண்பு! சொன்ன கையோடு, அவருக்குப் பின்னால் நின்ற வாட்டசாட்டமான வாலிபனைக் கூப்பிட்டு முதுகைக் கொடுத்தேன்.

அவன் என்னை மாவு பிசைகிற மாதிரிப் பிசைந்தான். எலும்புகள் ஒவ்வொன்றாக ஆஜர் சொல்லின. வலி தெரியாமலிருக்க அவனிடமும் அதே ஒப்பாரி — ஐம்பத்தைந்து, சர்க்கார், அநியாயம்...

பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் நரைத்தவர்.

"பென்சன் உண்டும்லாய்யா?"

"அது உண்டு. ஆனா..."

"உங்களுக்கு ஒரு தடவதான் ரிட்டயர் குடுத்திருக்காவ. எனக்கு இங்கன வாற ஆளெல்லாம் குடுக்காவ. பொழுது சாஞ்சா வீட்டுக்கு அரிசி வாங்கணும்லா."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. பரிகாரமாக அவரைக் கூப்பிடலாமென்றால், என் உடம்பில் எண்ணெய் படாத இடம் பாக்கியில்லை.

ஆபீஸில் கடைசி நாளன்று மாலை போட்டு, "ஓய்வெடுங்க சார்" என்று அன்பொழுகச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயதானவர்களிடம் மரியாதை திடீரென்று கூடினால் உஷாராக வேண்டும் — கழற்றிவிடப் போகிறார்கள் என்று அர்த்தம். அந்த வித்தையை இத்தனை சீக்கிரம் நானே கற்றுக்கொண்டு விட்டேனே! வெட்கமாக இருந்தது.

இனி சர்க்காரைத் திட்ட எனக்கு வாயில்லை. அது பென்ஷன் கொடுத்துவிட்டாவது ஒதுக்குகிறது.