அத்தானின் உப்புத் தண்ணீர்

பேசிக்கொண்டே இருப்பார், கை நீளும், நம் மூக்கிலிருந்த கண்ணாடி காணாமல் போயிருக்கும். சட்டைப்பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்து, மறுபடி நம் மூக்கில் மாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். "இதைப் போட்டுக்கிட்டு எப்படிம்மா ரோட்டுல நடக்குற? லாரி வந்தாக்கூட ஏதோ நிழல்னு நெனப்ப." இவர் என் அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் கண்ணாடியையும் கழற்றித் துடைத்தார். போட்டோவில் என் வீட்டுக்காரர் பே என்று விழிப்பது அதனால்தான்.

கடையில் கண் பரிசோதனைக்கு உட்காருகிறவர்கள் அவ்வளவு சுலபத்தில் எழுந்துவிட முடியாது. முதல் வரியைப் படித்துவிட்டு "எல்லாம் நல்லா தெரியுது சார்" என்றால் அத்தானுக்குப் பொறுக்காது. "பெரிய எழுத்தை என் செருப்புகூடப் படிக்கும். உட்காருங்க. கடைசி வரியைப் படிங்க."

வீட்டில் அவருக்கு ஒரு கடல் இருக்கிறது. ஹாலில், சோபா இருந்த இடத்தில். சோபா படுக்கையறைக்குப் போய்விட்டது. அதில் யாரும் உட்கார முடியாது, துணிதான் உட்கார்ந்திருக்கிறது. மீன் தொட்டிக்கான உப்பை வாளியில் அளந்து போட்டு அவரே கலக்குவார். "சமையலுக்கு உப்பு தீர்ந்துபோச்சுன்னா இவர் காதுல விழாது. மீனுக்குன்னா மூட்டையா வந்து இறங்கும்" என்பாள் அக்கா. சொல்கிறவள் லேசுப்பட்டவள் இல்லை. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனுக்கு, தன் ஆபீஸ் அதிகாரியை நினைத்து 'மேனேஜரம்மா' என்று பேர் வைத்தவள் அவள்தான். தொட்டிக்குள் யார் கை விட்டாலும் அது ஓடிவந்து கடிக்கும். காலையில் அதற்குத் தீனி போட்ட பிறகுதான் அத்தானுக்குக் காபி.

போன மாதம் நான் போனபோது வீட்டில் பேச்சு வார்த்தை சரியில்லை. மேனேஜரம்மா மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் சுண்ணாம்பு கரைத்ததுபோல் கலங்கியிருந்தது.

"தண்ணி புளிக்குது சின்னவ" என்றார் அத்தான். அவர் கையில் பேனா மாதிரி ஒரு பி.எச். மீட்டர். அதன் முனையில் சின்னக் கண்ணாடிக் குமிழ். தண்ணீரில் வைத்தால் எண் காட்டும். கடல் தண்ணீருக்கு எட்டும் கொஞ்சமும் இருக்க வேண்டுமாம். கீழே இறங்கினால் புளிப்பு. இவருடைய மீட்டர் ஏழரைச் சொச்சத்துக்கு இறங்கியிருக்கிறது. புளிப்பை முறிக்க, சோடா உப்பு மாதிரி ஒரு காரப் பொடியைத் தினமும் கரைத்து ஊற்றுகிறார். எண் ஆமை வேகத்தில் ஏறி எட்டைத் தொட்டிருக்கிறது. இன்னும் போதாது.

"ஊத்தாதீங்கன்னு சொல்றேன்ல" என்றாள் அக்கா. "அவளுக்கு மூச்சு வாங்குது."

"அதுக்குத்தான் ஊத்துறேன்."

"எனக்குக் கண்ணு இருக்கு."

"எனக்கு மீட்டர் இருக்கு."

அளந்து முடித்ததும் மீட்டரைக் கழுவி, குமிழை மஞ்சள் துணியால் பளபளவென்று துடைத்து, வெல்வெட் வைத்த மூக்குக்கண்ணாடிக் கூட்டில் படுக்க வைத்தார். கண்ணாடி என்றால் துடைக்காமல் விட அவருக்குக் கை வராது. வாங்கியபோது மீட்டரின் மூடிக்குள் கொஞ்சம் தண்ணீர் இருந்ததாம். கசிவு என்று நினைத்துக் கொட்டிவிட்டாராம். அதைப் பெருமையாகவே சொன்னார்.

"மீட்டர் பொய் சொன்னா என்ன பண்ணுவீங்க அத்தான்?"

"வாரா வாரம் சோதிக்கிறேன். இதோட சோதனைக்குன்னு குடுத்த பாக்கெட்ல, ஏழுன்னு போட்டிருக்கிற தண்ணியில வெச்சா டாண்ணு ஏழு காட்டுது. அப்புறம் என்ன?"

மீட்டர் வந்த டப்பாவில் இன்னொரு பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. அதில் பத்து என்று போட்டிருந்தது.

"இதை எதுக்குக் குடுத்திருக்காங்க?"

"நம்ம தண்ணி பத்துக்கு எங்க போகப்போகுது? சும்மா ஏழைப் பார்த்தாலே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். பாக்கெட்டைப் பார்த்தார். "கடைசி வரி" என்று முணுமுணுத்தபடி பல்லால் கடித்துப் பிரித்தார்.

தம்ளரில் ஊற்றி மீட்டரை வைத்தோம். எண் தயங்கித் தயங்கி ஏறி, ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. தட்டிப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். அசையவில்லை. பத்தைப் பார்த்து ஒன்பதுகூட இல்லை என்றது.

அத்தான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்த மூடியில இருந்தது கசிவு இல்ல சின்னவ. முனை ஈரத்துலயே இருக்கணும்னு வெச்சிருக்கான். நான் துடைச்சுத் துடைச்சுக் காயப்போட்டு இதைக் குருடாக்கிட்டேன். பெரிய எழுத்தை மட்டும் படிக்குது." விரல் விட்டுக் கணக்குப் போட்டார். மீட்டர் எட்டு என்றால் தண்ணீர் எட்டரைக்கு மேல். முதலில் காட்டிய ஏழரைச் சொச்சம், உண்மையில் எட்டுக்குக் குறையாது. "நல்லா இருந்த தண்ணியை நான்தான்..." எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வீடே இடிந்து விழப்போகிறது என்று அக்காவைப் பார்த்தேன். 'அன்னைக்கே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு முழு உரிமை இருந்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியை இழுத்தாள். அந்த உப்பு மூட்டையை ஒரு நாளும் தொட்டவள் இல்லை.

"எத்தனை தம்ளர்னு சொல்லுங்க."

தண்ணீரை ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காதாம். தினம் ஒரு வாளி வெளியே, ஒரு வாளி உள்ளே. அத்தான் புது மீட்டர் வாங்கிவந்தார். எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தது. ஆனால் மேனேஜரம்மா மூலையை விட்டு வரவில்லை. "மீட்டர் சரியா இருக்கு, தண்ணி சரியா இருக்கு, அவளுக்குத்தான் இன்னும் தெரியல" என்று போனில் சொன்னார் அத்தான். குரலே சரியில்லை. கடையை மதியமே பூட்டிவிட்டு வந்துவிடுகிறார் என்றாள் அக்கா.

மறுபடி நான் போனபோது, தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டுக் குழாயைப் பிடித்தபடி அடியில் படிந்த வெள்ளைத் தூளை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஆரஞ்சு நிறம் அசைந்தது. நேராக வந்தது. அத்தானின் விரல் கணுவை வெடுக்கென்று கடித்தது. திரும்பிப் போய், மறுபடி வந்து கடித்தது.

அவர் முகம் சுளித்தார், ஆனால் கையை எடுக்கவில்லை. மறு கையைப் பின்னால் நீட்டி, சத்தம் போடாமல், அடுப்படிப் பக்கம் வா வா என்று ஆட்டினார்.