புது வண்டிக்காக ஒதுக்கிய ராகி

பெரிய வண்டி வாங்கியதிலிருந்து அதன் பெயின்ட்டைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இன்று காலை மலை மேலே திருப்புலி நாட்டு ஊர்ப் பக்கம் வேலைக்குப் போகும்போது, ரோடு முழுக்க ராகிக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி மிதித்தால்தானே மணி உதிரும்.

ஓரமாக நின்ற அக்காவுக்கு என் வண்டியைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். "வாங்க சாமி, பெரிய வண்டி! அப்படியே மேல ஏத்துங்க, நல்லா உதுந்துரும்."

நான் பிரேக்கை மிதித்துவிட்டுச் சொன்னேன்: "புதுப் பெயின்ட்டுங்கக்கா, ராகித் தாள் அடிச்சா கீறிரும். கொஞ்சம் ஒதுக்குங்களேன்."

"அதுவுஞ் சரிதானுங்க" என்று அவரும் வீட்டுக்காரரும் சீமாற்றால் கூட்டி ஒதுக்கி வழி விட்டார்கள். கிளம்பும்போது, "அந்தப் பக்கம் முள்ளுச்செடி இருக்குது, உரசாமப் போங்க கண்ணு" என்றார் வேறு.

போகிற போக்கில் பின்னால் பார்த்தேன். இருவரும் குனிந்து, கூட்டியதை மறுபடி பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பழைய மொபெட் அதன் மேல் ஏறி வந்தது. அதற்கும் அக்கா சிரித்துக்கொண்டே கை காட்டினார்.

பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

நாளைக்கும் அதே ரோடுதான். நானாகவே முன்னும் பின்னுமாக நாலு தடவை ஏற்றி ஓட்டுவதாக இருக்கிறேன். அதற்குள் அந்த மொபெட்டே எல்லாவற்றையும் மிதித்து முடித்திருந்தால் எந்த முகத்தோடு போவேன், சொல்லுங்கள்.